சைலன்சரில் போட்ட கோடு

அத்தானுக்கு மரவேலை. நாற்காலியோ விமானமோ, எதைத் தொட்டாலும் முதலில் காதில் செருகிய பென்சிலை எடுத்துவிடுவார். நாலு பேர் உட்காரும் அந்தப் பழைய விமானத்தை ஆசைப்பட்டு வாங்கியவர் அவர். அதைக் கட்டி மேய்க்கும் வேலை, விமான மெக்கானிக்கும் அவர் மனைவியின் தங்கையுமான என் தலையில் விழுந்தது. சொந்தக்காரர்களுக்கு வேலை செய்து நல்ல பெயர் வாங்கியவர் யாராவது உண்டா?

வருடாந்திரச் சோதனைக்கு இந்த முறை விமானத்தோடு கோபமும் வந்தது. குளிர்காலம் தொடங்கி நாலைந்து முறை பறந்ததோடு அக்கா அதில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். ஏறினால் மண்டையைப் பிளக்கிறது, குமட்டுகிறது என்கிறாள். இதனாலேயே வீட்டில் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றார் அத்தான். "பயமா இருந்தா பயம்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு இந்த நடிப்பு?"

எனக்குச் சுருக்கென்றது. பல்லைப் பிடுங்கிய அன்றே சமையலறையில் நின்றவள் என் அக்கா. இப்போது விமானக் கொட்டகைக்கு வெளியே, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பதில் சொன்னால் சண்டையில்தான் முடியும் என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டேன்.

என்ஜின் புகை போகும் சைலன்சரைச் சுற்றி ஒரு தகர உறை இருக்கும். அந்த உறைக்குள் சூடாகும் காற்றுதான் ஹீட்டர் வழியாக உள்ளே இருப்பவர்களுக்கு வரும். உறையைக் கழற்றினேன். வாக்குவம் கிளீனரின் காற்று ஊதும் பக்கத்தைப் புகைக்குழாயில் மாட்டி, மேலே சோப்பு நுரை பூசினேன். மூட்டுகளில் ஒன்றுமில்லை. வெறும் தகட்டின் நடுவில் குமிழிகள் வரிசை கட்டிக் கிளம்பின.

தகடு தானாக விரிசல் விட்டால் கோணல்மாணலாகத்தான் விடும். இந்த விரிசல் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் இருந்தது. நிமிர்ந்து அத்தானின் காதைப் பார்த்தேன்.

"அத்தான், நடுவுல இதைக் கழட்டினீங்களா?"

"நீ ஊர்ல இல்லாதப்ப கிளாம்ப் லூசாயிடுச்சு. கழட்டி மாட்டினேன். மறுபடி அதே இடத்துல உக்காரணுமேன்னு ஒரு கோடு போட்டுக்கிட்டேன். ஏன், கோடு நேரா இல்லையா?"

"நேராத்தான் இருக்கு. அதான் வம்பே."

புகைக்குழாயில் பென்சில் படக்கூடாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. சூடேறும்போது பென்சில் கரி உலோகத்துக்குள் இறங்கி, கோடு போட்ட இடத்தை நொறுங்கவைக்கும். மரத்தில் கோடு போட்டால் அறுக்க வாள் வேண்டும்; இங்கே அதுவும் வேண்டியிருக்கவில்லை.

"இது வழியா புகை ஹீட்டருக்குள்ள போயிருக்கு. கார்பன் மோனாக்சைடு. வாசனையே இருக்காது. தலை வலிக்கும், குமட்டும். இன்னும் கொஞ்சம் போனா ஆளே போயிடும்."

"எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"நீங்கதான் உங்க பக்கத்து ஜன்னலைத் திறந்து வெச்சுட்டே ஓட்டுவீங்களே!"

அத்தான் பக்கத்திலிருந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அவளுக்குக் குளிருமேன்னு சூட்டை மொத்தமா அவ பக்கம் திருப்பி வெச்சேன்" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது, கோபமும் போகவில்லை.

"புது சைலன்சர் மாட்டாம இது தரையை விட்டுக் கிளம்பாது. அது என் பொறுப்பு. நீங்க போய் அக்காகிட்ட சொல்லுங்க."

"நீயே சொல்லிடேன்."

"நடிப்புன்னு சொன்னது நானா?"

எழுந்து போனார். பாதியை முழுங்கிவிடுவார் என்று நானும் பின்னாலேயே போனேன். கார்க் கண்ணாடியைத் தட்டி, அவள் இறக்கியதும் பென்சில், விரிசல், ஹீட்டர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்து நின்றார்.

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு நிஜமாவே வலிச்சுதாடி?"

"நிஜமாத்தான்க்கா."

அவள் கண் நிறைந்துவிட்டது.

"இவர் சொல்லிச் சொல்லி, நான் நடிக்கிறேன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்" என்றாள்.