இரண்டாவது தும்மல்

ஒற்றைத் தும்மல் கெடுக்கும், இரட்டைத் தும்மல் கொடுக்கும். அந்த மரம் அறுக்கும் ஆலையில் இதைச் சுவரில் எழுதி வைக்கவில்லையே தவிர, எழுதி வைத்திருந்த மற்ற விதிகளைவிட இதைத்தான் எல்லோரும் மதித்தார்கள். 'கையுறை அணியவும்' என்ற அறிவிப்புக்குக் கீழே வெறுங்கையோடு தடி தள்ளியவர்கள், யாராவது ஒருமுறை தும்மிவிட்டால் ரம்பத்தை நிறுத்துவார்கள்; ஆளுக்கொரு மடக்குத் தண்ணீர் குடிப்பார்கள்; பிறகுதான் சுவிட்சைத் தொடுவார்கள். உடனே இரண்டாவது தும்மலும் வந்துவிட்டால் தோஷம் இல்லை. வேலை நடக்கும்.

இப்படிப்பட்ட இடத்துக்கு, மரத்தூளுக்கும் தன் மூக்குக்கும் ஏழாம் பொருத்தமான ஒருவன் வேலைக்கு வந்து சேர்ந்தான். சேர்த்துவிட்டவர் அவன் மனைவியின் மூத்த அண்ணன். அங்கே ரம்பத்தில் தடி தள்ளுபவர். முதல் நாள் ரம்பம் ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம். குடத்துத் தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்துபோனது. மாலையில் மேஸ்திரி அவனுக்கு 'மூக்கன்' என்று பெயர் வைத்தார்.

மூக்கனுக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை, வேலையில் இருந்தது. ஆகவே ஒரு வித்தை பழகிக்கொண்டான். மூக்கு தானாக ஒரு தும்மலைக் கொடுத்ததும், மூச்சை இழுத்துத் தொண்டையில் ஒரு தட்டுத் தட்டி, இரண்டாவதை அவனே செய்துவிடுவான். அசலைவிட நகல் கணீரென்று இருந்தது. ரம்பம் நிற்காமல் ஓடியது. "நம்ம மாப்பிள்ளை மூக்கு ராசியான மூக்கு" என்று பெரிய மச்சான் ஆலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். உண்மை தெரிந்தவள் மனைவி ஒருத்திதான். வீட்டில் அவன் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதை அவள் கேட்டிருக்கிறாள்.

ஆறு ஆண்டுகள் இப்படியே போயின.

வட்ட ரம்பம் இரும்பு மேசையின் பிளவில் பாதி உடம்பு வெளியே தெரியச் சுழலும். பெரிய மச்சான் இந்தப் பக்கம் நின்று தடியைத் தள்ளுவார். மூக்கன் அந்தப் பக்கம் நின்று, அறுபட்டு வரும் பலகையை வாங்குவான். அன்று காலை, தடி முக்கால்வாசி அறுபட்டிருந்தபோது அவன் தும்மினான். நடுத்தடியில் ரம்பத்தை நிறுத்தினால் மரம் பல்லைக் கவ்விக்கொள்ளும், நிறுத்த முடியாது. வழக்கப்படி மூக்கன் இரண்டாவதை உடனே கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அலுப்புதான். இத்தனை காலம் பொய்யாகத் தும்மியவனுக்கு, இன்று ஒருநாள் ஒன்றோடு விட்டால் என்ன என்று தோன்றியது.

பெரிய மச்சான் ரம்பத்திலிருந்து கண்ணை எடுத்து அவனை நிமிர்ந்து பார்த்தார். பஸ் வரும் திசையைப் பார்ப்பதுபோல, வந்துவிடும் என்ற நிச்சயத்தோடு பார்த்தார். கை மட்டும் தள்ளிக்கொண்டே இருந்தது. தடி முடிந்தது; தள்ளுவது முடியவில்லை. ரம்பத்தின் சத்தம் ஒரு நொடி கனத்து, மறுபடி பழையபடி மெலிந்தது. பலகையோடு சேர்ந்து நான்கு விரல்களும் மூக்கன் பக்கம் வந்தன. பலகை வாங்கிய பழக்கத்தில் அவன் அவற்றையும் வாங்கினான்.

மதியம் அவன் வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து சட்டையை அலசிக்கொண்டிருந்தான். மனைவி கரண்டியைப் பிடித்தபடி வாசற்படியில் வந்து நின்றாள்.

"நீங்க தும்மினீங்களா?"

"தும்மினேன்."

"எத்தனை?"

சட்டையைப் பிழிந்தான். வெளுக்க வேண்டிய தண்ணீர் இன்னும் சிவந்தே வந்தது. "ஒண்ணு."

"அந்த இன்னொண்ணையும் தும்மித் தொலைச்சா என்னங்க? காசா, பணமா?"

அவன் சட்டையை மறுபடி வாளியில் முக்குவதற்குள் முன்கதவு தாழ்ப்பாளோடு உள்ளே விழுந்தது. வந்தவர் சின்ன மச்சான். மனைவியின் இரண்டாவது அண்ணன். லாரியில் தடி ஏற்றுவது அவர் தொழில். தடியைத் தூக்கினால் பூப்போல இறக்கி வைப்பார். ஆளைத் தூக்கினால் அப்படி உத்தரவாதம் இல்லை. நேரே ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார்.

"உக்காந்திருக்கீங்களா மாப்பிள்ளை?" என்று மரியாதை குறையாமல் கேட்டுவிட்டு, புறங்கையால் வாயில் அறைந்தார். மூக்கன் வாளியோடு உருண்டான்.

"மச்சான், சொல்றதைக் கேளுங்க. பெரிய மச்சான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாரு. அதனாலதான் கை..."

"எதுக்குப் பார்த்தாரு? ஓடுற ரம்பத்தை விட்டுட்டு உன் மூஞ்சியைப் பார்க்க நீ என்ன பௌர்ணமி நிலாவா?"

"ரெண்டாவது தும்மல் வருதான்னு பார்த்தாரு."

உண்மையைச் சொன்னால் தப்பலாம் என்று எண்ணியிருந்தான். அந்த உண்மையே அவன் பிடரியைப் பிடித்து முன்னே தள்ளியது. சின்ன மச்சான் அவன் தலையைக் கதவு நிலையில் ஒருமுறை மோதினார். சரியாகப் படவில்லை என்பதுபோல இன்னொருமுறை மோதினார். முன்பல் ஒன்று தரையில் விழுந்து ஓடியது.

"விடுங்கண்ணே!" மனைவி அண்ணனின் கையில் தொங்கினாள். "அவர்மேல தப்பில்லை. ரெண்டாவது தும்மல் அவருக்கு எப்பவுமே வராது. அதெல்லாம் அவரா செஞ்சுக்கிறது!"

காப்பாற்றத்தான் சொன்னாள். சொல்லி முடித்தபின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்ன மச்சானின் பிடி தளர்ந்தது. முகம் மட்டும் மெல்ல இறுகியது. "எப்பவுமேவா? ஆறு வருஷமாவா?"

சின்ன மச்சான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"அப்போ என் லாரி கவுந்தது?"

"மச்சான், அது டயர் வெடிச்சு..."

"ஷெட்டு எரிஞ்சுதே?"

"அது சிகரெட் நெருப்பு."

"சிகரெட்டைப் பத்தவெச்ச நேரம் நீ தும்மியிருப்ப." ஆறு ஆண்டுகளில் அந்த ஆலைக்கு வந்த கெட்டதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து மூக்கனின் மூக்கில் உட்கார்ந்தது. "நடடா ஆலைக்கு. அங்க வெச்சுத் தும்மு, பார்க்கலாம்."

சட்டையில்லாத ஆளைக் கழுத்தைப் பிடித்துத்தான் இழுக்க முடியும். தெரு முழுவதும் அப்படித்தான் இழுத்துப் போனார். மனைவி செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள்.

ஆலையில் மதிய வேலை தொடங்கியிருக்கவில்லை. முதலாளி பெரிய மச்சானோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். மேசையைக் கழுவிவிட்டு, முதலில் யார் சுவிட்சைப் போடுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவனை எதுக்குய்யா இங்க கூட்டிட்டு வந்தே?" என்றார் மேஸ்திரி. "இப்பதான் கழுவி முடிச்சோம்."

"மறுபடி கழுவிக்கலாம். ஆறு வருஷமா இவன் போட்ட ரெண்டாவது தும்மல் அத்தனையும் பொய்யாம்."

சின்ன மச்சான் தாமே சுவிட்சைப் போட்டார். ரம்பம் முனகி, பிறகு பாடத் தொடங்கியது. மூக்கனின் வலதுகையை மேசைமேல் அழுத்தி, பல்லுக்கு ஒரு சாண் தள்ளி வைத்தார். காலடியில் இருந்த மரத்தூள் கூடையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இந்தக் கூடை தீர்ற வரைக்கும் தும்மாம இரு. இருந்தா உன் கை உனக்கு. தும்மினா எங்க அண்ணன் கைக்குத் துணையாப் போகும். இது என் வாக்கு."

முதல் பிடித் தூளை முகத்தில் எறிந்தார்.

கூடியிருந்தவர்கள் தடுத்திருக்கலாம். ஆனால் அவர்களுக்கும் அந்த மூக்கின் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மேஸ்திரி மட்டும், "வேணாம்யா, போலீசு கேசாயிடும்" என்று இரண்டடி முன்னே வந்து, சின்ன மச்சான் மேசையோரம் கிடந்த, தடி புரட்டும் இரும்புக் கம்பியை ஓங்கியதும் மூன்றடி பின்னே போனார்.

மூக்கன் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டினான். பல் போன ஓட்டையில் ரத்தம் ஊறியது, அதை விழுங்கினான். இரண்டாவது பிடி கண்ணில் விழுந்தது. மூன்றாவது பிடியில் மூக்குக்குள் எறும்புக் கூட்டம் புறப்பட்டது. கீழுதட்டைக் கடித்தான், பல் உதட்டின் மறுபக்கம் வந்தது. அந்த வலியைப் பிடித்துக்கொண்டு தும்மலை அடக்கினான். வாழ்நாளில் எந்தத் தும்மலுக்கும் அவன் இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

கூடை பாதியானது. எறிந்த தூள் எறிந்தவர் பக்கமும் திரும்பியது. சின்ன மச்சான் திறந்த லாரியில் காற்றுவாங்கும் மனிதர்; தூளோடு பழக்கமில்லை. அடுத்த பிடிக்குக் கை கூடைக்குப் போனபோது, அவர் தும்மினார்.

ஒன்று.

ஆலையில் ரம்பத்தைத் தவிர எல்லாம் நின்றது. சின்ன மச்சான் உடம்பு குலுங்கியதில், கூடைக்குப் போன இடதுகையை மேசையின் மறுபுறம் ஊன்றியிருந்தார். வாய் திறந்திருந்தது. கண் கூரையைப் பார்த்திருந்தது. இரண்டாவது வருமா என்று அவர் முழு உடம்பும் காத்திருந்தது. அது வரவில்லை. ஊன்றிய கை, ஈரமான இரும்பில், ரம்பத்தை நோக்கி மெல்ல வழுக்கிக்கொண்டு போனது. அது அவருக்குத் தெரியவில்லை. மூக்கனுக்குத் தெரிந்தது. காலையில் பார்த்த அதே முகம்; அண்ணன் முகத்தைத் தம்பி போட்டுக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

பிறகு நடந்ததைப் பெருந்தன்மை என்று சொன்னவர்கள் உண்டு. பழக்கதோஷம் என்பதே சரி. ஒற்றைத் தும்மலைக் கேட்டால் இரண்டாவதைக் கொடுத்துப் பழகிய தொண்டை அது. மூக்கன் கணீரென்று தும்மினான்.

சின்ன மச்சானுக்கு மூச்சு வந்தது. கண் கீழே இறங்கியது. கையை வெடுக்கென்று இழுத்தார். சுண்டுவிரல் நகமும் கொஞ்சம் சதையும் ரம்பத்தோடு போயின. அவ்வளவுதான் போனது. மேஸ்திரி ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தார்.

"தும்மிட்டான்" என்றார் சின்ன மச்சான், விரலை வாயில் வைத்துக்கொண்டு. மூக்கனின் மணிக்கட்டை அவர் விடவில்லை.

"இருய்யா. நீ ஒண்ணு, அவன் ஒண்ணு. ஆக ரெண்டு. ரெட்டைத் தும்மல், தோஷமில்லை" என்றார் மேஸ்திரி.

"அதெப்படி? ரெண்டும் ஒரே மூக்குல வரணும்" என்றார் பலகை அடுக்குபவர். "இது ரெட்டையில்லை. ரெண்டு ஒத்தை."

"மூக்கா கணக்கு? காதுல எத்தனை கேட்டுச்சு, அதுதான்யா கணக்கு."

"அவன் தும்மினது பொய்த்தும்மல்ங்கிறாரே?"

"பொய்யோ மெய்யோ, உன் காதுல கேட்டுச்சா இல்லையா?"

கேட்டது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மூக்கனின் கை மேசைமேல் கிடந்து தீர்ப்புக்குக் காத்திருந்தது. சின்ன மச்சான் இருபக்க வாதத்தையும் கவனமாகக் கேட்டார். கடைசியில் தலையசைத்தார்.

"ரெட்டைதான். வாக்குன்னா வாக்கு. ரம்பத்துல வைக்கமாட்டேன்."

மணிக்கட்டை விட்டார். மனைவி ஓடிவந்து மூக்கனைப் பிடித்து எழுப்பினாள். அவன் வலதுகையை இடதுகையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சின்ன மச்சான் அந்த இரும்புக் கம்பியை மறுபடி எடுத்தார்.

"ரம்பத்துக்குத்தான் தும்மல் கணக்கு. இதுக்கு ஒரு கணக்கும் கிடையாது."

முதல் அடி முழங்கைக்குக் கீழே விழுந்தது. காய்ந்த கொம்பு முறியும் சத்தம் அந்த ஆலையில் யாருக்கும் புதிதல்ல. இருந்தும் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டாவது அடியும் அதே இடத்தில் விழுந்தது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக வெளியே எட்டிப் பார்த்தது. மூன்றாவதற்கு ஓங்கியவர், கம்பியில் வழிந்த ரத்தம் தம் சுண்டுவிரலுடையது என்று கண்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். கம்பியைக் கீழே போட்டார். குனிந்து மூக்கனைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

"கையை ஆட்டாம வெச்சுக்கங்க மாப்பிள்ளை" என்றார். மரியாதை திரும்பி வந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அவனுக்குப் பெரிய மச்சானுக்குப் பக்கத்துக் கட்டில் கிடைத்தது. பெரிய மச்சானின் வலதுகை பஞ்சுப்பொதியாக மார்பில் கிடந்தது.

"மாப்பிள்ளைக்கு என்னடா?"

"விழுந்துட்டாருண்ணே."

"எங்க?"

"என்மேல."

பெரிய மச்சான் தலையை மட்டும் மூக்கன் பக்கம் திருப்பினார். "அந்த ரெண்டாவது, மாப்பிள்ளை..."

"வரலை மச்சான்."

"இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருந்தா வந்திருக்கும்" என்றார் அவர், தம்மையே குறைசொல்வதுபோல.

எலும்பை நேராக்கிக் கட்டுப்போட டாக்டர் மறுநாள்தான் வருவார். அதுவரை வலிக்கு ஊசி மருந்தை வெளிக்கடையில் வாங்கிவரச் சொல்லி நர்ஸ் ஒரு சீட்டுக் கொடுத்தாள். சின்ன மச்சான் அதை வாங்கிக்கொண்டு எழுந்தார். யாரோ தரையில் பினாயில் ஊற்றித் துடைத்துக்கொண்டு போனார்கள். அந்த நெடி மூக்கனின் மூக்கில் ஏறியது. தும்மினான். முறிந்த எலும்பின் இரு முனைகளும் ஒன்றோடொன்று உரசின; கண் இருண்டது.

சின்ன மச்சானின் ஒரு கால் வாசற்படிமேல் அப்படியே நின்றது. மெல்லப் பின்னே வந்தது. அண்ணன், தம்பி, தங்கை மூவரும் மூக்கனைப் பார்த்தார்கள்.

"என்னங்க," என்றாள் மனைவி, "இன்னொண்ணு."

"வரலை."

அது என்றைக்கும் வந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். சின்ன மச்சானுக்கும் இப்போது தெரியும். அவர் கட்டிலருகே வந்து குனிந்தார். குரலில் கெஞ்சல் இருந்தது.

"பொய்யா இருந்தாலும் பரவாயில்லை மாப்பிள்ளை. இன்னிக்கு வெறும் தண்ணி குடிச்சாப் போதாது. ஒண்ணு போடுங்க. நான் போய் மருந்தை வாங்கிட்டு வந்துடறேன்."

மூக்கன் கிழிந்த உதட்டை இறுக மூடிக்கொண்டான். சின்ன மச்சான் சிறிது நேரம் அவன் வாயையே பார்த்தபடி நின்றார். பிறகு சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாசற்படிக்கு உள்பக்கமாகத் தரையில் உட்கார்ந்தார். வலி முழங்கையிலிருந்து தோளுக்கு ஏறியது. ஏறட்டும் என்று விட்டான்.