இரண்டாம் எண்ணிக்கை

பாலாம்பிகைக்குத் தீராத ஆசை ஒன்று இருந்தது: இரண்டாம் விருப்பு வாக்குகளை ஒருமுறையாவது எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.

ஊரில் அவர் மாவட்டச் செயலகமான கச்சேரியில், தேர்தல் பிரிவில் எழுதுவினைஞராக இருந்தவர். அங்கே ஜனாதிபதித் தேர்தலில் பிடித்தவருக்கு 1 என்றும், அடுத்தவர்களுக்கு 2, 3 என்றும் எழுதலாம். ஒருவர் பாதிக்கு மேல் எடுத்தால் கதை முடிந்தது. எடுக்காவிட்டால்தான் சுவாரசியம். முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் விலக, அவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் 2 யாருக்கு என்று பார்த்து, அந்த இருவருக்கும் பங்கிடுவார்கள். தோற்ற கட்சிக்குப் போட்ட வாக்கும் இன்னொரு முறை பேசும்!

எண்பத்திரண்டிலும் எண்பத்தெட்டிலும் அவர் அதற்கான படிவங்களோடு, பென்சிலைக் கூராக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டு தடவையும் ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டார். எண்பத்தெட்டில் மயிரிழையில்.

லண்டனுக்குக் குடிபெயர்ந்த பிறகு, 2004 ஜூனில், அங்குள்ள ஸ்ட்ரெதம் தேவாலய மண்டபம் ஒன்றில் நடந்த தமிழர் விளையாட்டுக் கழகத் தலைவர் தேர்தலுக்கு அவர்தான் அதிகாரி. கழகத்துக்குள் மூன்று கட்சிகள்: உதைபந்தாட்டத்துக்குச் சண்முகராசா, கிரிக்கெட்டுக்குக் குலசேகரம், பெண்களின் வலைப்பந்தாட்டத்துக்கு ஜெயகௌரி. கோடை விழாவில் மைதானம் யாருக்கு என்பதே போட்டி. பெண்களுக்கு இதுவரை கரண்டியில் எலுமிச்சையை ஏந்தி ஓடும் தேசிக்காய்க் கரண்டி ஓட்டம் மட்டும்தான். 1, 2, 3 முறையைக் கொண்டுவந்து விதிகளை எழுதியவரும் பாலாம்பிகையே.

எண்ணி முடித்தார். சண்முகராசா 44, ஜெயகௌரி 26, குலசேகரம் 18. மொத்தம் 88. நாற்பத்து நான்கு சரிபாதி. பாதிக்கு மேல் அல்ல! அவர் கை பென்சிலைத் தேடியது.

ஆனால் கையில் ஒரு சீட்டு மிச்சம் இருந்தது. அதில் சண்முகராசாவின் பெயருக்கு நேரே 1 இல்லை, ஒரு புள்ளடி. போன வியாழக்கிழமை லண்டன் மேயர் தேர்தலில் பெருக்கல் குறி போட்ட கை, பழக்கதோஷத்தில் இங்கேயும் போட்டிருக்கிறது.

"அது செல்லாது அக்கா! நம்பர் எல்லோ போடவேணும்?" என்றாள் ஜெயகௌரி.

"ஏன் செல்லாது? என்ரை பேரிலைதானே கீறியிருக்கு!" சண்முகராசா எழும்பிவிட்டார்.

"செல்லாதெண்டா ரெண்டாம் ரவுண்ட். என்ரை பதினெட்டுப் பேருக்கும் அப்பதான் மவுசு," என்று சிரித்தார் குலசேகரம்.

'செல்லாது' என்று ஒரு சொல் சொன்னால் போதும், இருபத்திரண்டு வருட ஆசை நிறைவேறும். பாலாம்பிகை விதித்தாளைப் பார்த்தார். அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: 'வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் வாக்குச் செல்லும்.'

பெருமூச்சோடு சீட்டைக் குவியலில் வைத்தார். "செல்லும். எண்பத்தொன்பதிலை நாற்பத்தைஞ்சு. தம்பி வெண்டிட்டார்."

கைதட்டல் ஓய்ந்ததும் சண்முகராசா அருகே வந்தார். "என்னக்கா, முகம் வாடிக்கிடக்கு? நான் வெண்டது பிடிக்கேல்லையோ?"

பாலாம்பிகை தன் ஆசையைச் சொன்னார். சண்முகராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உதுக்கென்ன? மண்டபம் அஞ்சு மணிவரைக்கும் எங்கடைதானே. சும்மா எண்ணிப் பாருங்கோ!"

குலசேகரத்தின் பதினெட்டில் பதினைந்து, இரண்டாம் விருப்பை ஜெயகௌரிக்குக் கொடுத்திருந்தன.

"என்ரையையும் பாருங்கோ. என்ரை ஆக்கள் எனக்கு மட்டும்தான் போட்டிருப்பினம்," என்றார் சண்முகராசா.

பாலாம்பிகை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நாற்பத்தைந்தில் முப்பத்தாறு சீட்டுகளில் ஜெயகௌரிக்கு 2.

சண்முகராசா மனைவி இருந்த பக்கம் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "என்ரை மனிசியின்ரையும் இதுக்குள்ளை இருக்கும்போலை."

"இல்லை அண்ணை," என்றாள் ஜெயகௌரி. "அவ எனக்கு ஒண்டெல்லோ போட்டவ."

மண்டபமே அதிரச் சிரித்தது. புதுத் தலைவர் இரண்டு கையையும் தூக்கினார். "சரி, சரி! காலமை உதைபந்து. பின்னேரம் மைதானம் உங்கடை வலைப்பந்துக்கு."

"அப்ப கிரிக்கெட்?" என்றார் குலசேகரம்.

பாலாம்பிகை ஆவலோடு புதுப் படிவம் ஒன்றை இழுத்தார். "மூண்டாம் விருப்பையும் எண்ணட்டோ?"