ஒரு நாளைக்கு மட்டும்

வலியசாலைத் தெருவில் எட்டு நாளாகக் குப்பை அள்ளவில்லை. எச்சில் இலையும் அழுகிய காய்த்தோலும் வாசலுக்கு வாசல் குவிந்து கிடந்தன. மழை பெய்து ஓய்ந்ததும் தெருவே நாறியது. சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா நீலகண்டன் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அன்றும் வேலைக்குப் புறப்பட்டார். ஆனாலும் உள்ளூர அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

நகரத்துத் துப்புரவுத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். பிரசவமாகி நான்கு நாள் வேலைக்கு வராத உலகம்மையின் பெயரை அதிகாரிகள் வேலைப் பதிவேட்டிலிருந்து வெட்டிவிட்டதுதான் காரணம். உடம்புக்கு முடியாமல் படுத்தால் பெயரை வெட்டக் கூடாது. அவர்கள் கேட்டது அது ஒன்றே. உலகம்மையின் கணவன் திரவியம் போராட்டத்துக்கு முன்னால் நின்றான்.

அவர்களுக்காகத் தெருவில் கூட்டம் போட்டுப் பேசியவர் நீலகண்டன். வெளியாட்களைக் குப்பை அள்ள விடமாட்டோம் என்று நாற்பது வீட்டாரிடமும் கையெழுத்து வாங்கியவரும் அவர்தான். சொன்னபடியே, அதிகாரிகள் லாரியில் அனுப்பிய வெளியூர் ஆட்களைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பினார்கள். மற்றத் தெருக்காரர்களும் அதைப் பார்த்து அப்படியே செய்தார்கள். இன்னும் இரண்டு நாள் தாங்கினால் அதிகாரிகள் பேச்சுக்கு வருவார்கள் என்று ஆபீசில் அவர் காதில் விழுந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. மகள் விஜயத்தைப் பெண் பார்க்க மறுநாள் வருகிறார்களாம்.

"மூணு வருஷமா அலைஞ்சு இப்பத்தான் ஒரு எடம் கூடி வந்திருக்கு. இந்த நாத்தத்துல அவா எப்படி உக்காருவா?" என்றாள் மனைவி சூடாமணி. "நம்மாத்து வாசல் மட்டும். ஒரு நாளைக்கு மட்டும்."

ஒரு வாசலால் என்ன கெட்டுவிடும் என்று அவருக்கும் தோன்றியது. விடிந்ததும் தெருமுனைக்கு வந்த லாரி ஆட்களை அவரே கூப்பிட்டார். எதிர் வீட்டுச் சாம்பசிவன் அதைப் பார்த்தார்; தம் வாசலுக்கும் அவர்களைக் கூப்பிட்டார். மத்தியானத்துக்குள் தெரு முழுவதும் சுத்தமாகிவிட்டது. வலியசாலையே விட்டுக்கொடுத்துவிட்டது என்ற செய்தி கிழக்கேகோட்டை வரை போனது. அங்கும் லாரி நுழைந்தது.

பிள்ளை வீட்டார் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள்.

ஊர் சுத்தமான பிறகு அதிகாரிகளுக்குப் பேச என்ன இருக்கிறது? திரவியத்தையும் இன்னும் பதினொரு பேரையும் வேலையை விட்டு நீக்கினார்கள். மற்றவர்கள் தலைகுனிந்து வேலைக்குத் திரும்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீலகண்டன் அவர்களுடைய குடியிருப்புக்குப் போனார். மலையில் வித்துராப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை தேடிப் போவதற்காகத் திரவியம் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். உலகம்மை கைக்குழந்தையோடு சுவரில் சாய்ந்திருந்தாள். சமஸ்தானத்துத் திவானுக்கே ஒரு மனு எழுதித் தருவதாக நீலகண்டன் சொன்னார்.

திரவியத்தின் குரலில் கோபம் இல்லை. "வேண்டாம் சாமி. மனு எத்தனையோ குடுத்துப் பாத்தாச்சு. நீங்க நல்லாத்தான் பேசினிய. ஆனா பேச்சைக் கேட்டு அவங்க பயப்படல, ஊரு நாறுனதப் பாத்துத்தான் பயந்தாங்க. கூட நிக்கோம்னு சொல்றவங்க, தனக்கு வலிக்கையிலயும் நிக்கணும் சாமி. ஒருத்தர் வெலகுனா அத்தனை பேரும் வெலகிருவாங்க. அப்புறம் எந்தப் போராட்டமும் செயிக்காது."

அவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

அடுத்த வாரம் திரவியம் இருந்த குடிசைக்குப் புதுத் துப்புரவு ஆள் ஒருவன் வந்தான். மாதம் முடிவதற்குள் அவன் காய்ச்சலில் படுத்தான். அவன் பெயரையும் வெட்டினார்கள்.