முதல் இடம், மூன்றாம் மாடி

1

“அப்ப உனக்கு ஒண்ணும் இல்ல. அப்படித்தானே?”

“ஒண்ணும் இல்லன்னு நான் எப்படா சொன்னேன்?”

“ஒரே நாள்ல முப்பத்தெட்டு ரவுண்டு நடந்தவளுக்கு என்ன இருக்கும்? நானே மூணு ரவுண்டுல உக்காந்துருவேன். ஆபீஸ்ல சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிக்கல. லெட்டர்தான் அனுப்பியிருக்காங்க. கையிலதானே வெச்சிருக்க, படி.”

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் இதுதான். மாடிப்படித் திருப்பம், காலை ஒன்பதேகால். மேலே மூன்றாம் மாடி அக்காவும் தம்பியும் கத்திக்கொண்டிருந்தார்கள். கீழே நான் குப்பைக் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். (குப்பை வண்டி எட்டு மணிக்கே வந்து போய்விட்டது. கூடை காலி. முதல் வரைவில் இதை மறைத்திருந்தேன். இந்தக் கதையில் மறைக்கத் தோன்றும் விஷயங்கள் வேறு இருக்கின்றன. சின்னப் பொய்களை முன்னாலேயே ஒப்புக்கொண்டால் உங்களுக்கு என்மேல் ஒரு நம்பிக்கை வரும் என்று சேர்த்துவிட்டேன்.)

தம்பி கடிதத்தைச் சத்தமாகப் படித்தான். வியாழக்கிழமை நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் மருத்துவ விடுப்பு ரத்து. திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டும். வராவிட்டால் வேலை போனதாக வைத்துக்கொள்ளலாம்.

“பொண்ணு வீட்ல கேட்டா நான் என்ன சொல்றது?” என்றான் தம்பி. அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

பதிலுக்கு அக்கா கதவு சாத்தும் சத்தம். நான் காலிக் கூடையோடு வீட்டுக்குள் வந்தேன்.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. சண்டையில் ஆரம்பிக்கும் முன் வேறு இரண்டை முயன்றிருந்தேன்.

“மழை பெய்துகொண்டிருந்தது. அவள் ஜன்னலோரம் நின்று

இல்லை. அன்று மழையே இல்லை. மேலும், சோகமான பெண்களை ஜன்னலோரம் நிறுத்துவது எழுதுகிறவர்களின் சோம்பேறித்தனம். எங்கள் கட்டடத்தில் ஜன்னலோரம் நிற்கிறவள் நான் ஒருத்திதான்.

“ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் பதினோரு வருடம் போன் எடுத்த ஒருத்திக்கு, ஒரு நாள் காலையில் வாய் திறக்கவில்லை.”

இது உண்மை. போனை எடுத்ததும் முதலில் கேட்க வேண்டியது ‘எங்கிருந்து பேசுறீங்க?’ என்பது. அதற்குப் பிறகுதான் மூச்சு இருக்கிறதா, ரத்தம் வருகிறதா எல்லாம். அன்று எதிர்முனையில் யாரோ அலறினார்கள். இவளுக்கு அந்த முதல் கேள்வி வரவில்லை. நாற்பது விநாடி. பக்கத்து இருக்கைக்காரி எட்டி இணைப்பை வாங்கிக்கொண்டாள். யாரும் சாகவில்லை. அதைத்தான் எல்லோரும் அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், அவள் கேட்ட கேள்வி என்னவோ அதுதான் என்பதுபோல. மனநல மருத்துவர் மூன்று மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் தினமும் காலையில் நடக்கச் சொன்னார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? தம்பி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறான். முதல் மாடி பல் டாக்டர் கண்ணாடி மாற்றப் போனபோது அவரிடம் சொல்லியிருக்கிறான். டாக்டர் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது என்னிடம் சொன்னார். வாய் மரத்துப்போய், இடுக்கி உள்ளே இருந்ததால் ஒரு குறுக்குக் கேள்விகூடக் கேட்க முடியவில்லை. பல் வலியை விட அதுதான் தாங்கவில்லை.

3

இப்போது ஒரு சிக்கல். கதையில் ஒரு கீழ்வீட்டுக்காரி வருகிறாள். அவளை எழுத எழுத நம்பும்படியாக வரவில்லை.

குடியிருப்போர் சங்கத்தில் நடைப் போட்டி ஒன்று உண்டு. பல் டாக்டர் ஆரம்பித்து வைத்தது. கட்டடத்தைச் சுற்றி எத்தனை சுற்று நடந்தோம் என்று அவரவர் வந்து சொல்ல வேண்டும்; வாரக் கடைசியில் அவரவருடைய அதிகபட்சத்தை லிப்ட் பக்கத்து வெள்ளைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். எழுதிப் போடும் பொறுப்பு இந்தக் கீழ்வீட்டுக்காரியிடம். மூன்றாம் மாடிக்காரி போட்டியில் சேரவே இல்லை. ஆனாலும் கீழ்வீட்டுக்காரி, தரைத்தள ஜன்னலில் உட்கார்ந்து அவள் சுற்றுகளைத் தானாகவே எண்ணி, பலகையில் எழுதினாள். ‘முதல் இடம்: மூன்றாம் மாடி. 38.’

யார் இப்படிச் செய்வார்கள்? வாசகர் கேட்பாரே. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், மன உளைச்சலில் விடுப்பில் இருக்கிறாள் என்று தெரிந்திருந்தும், கேட்காமல் ஒருத்தி

சரி. கீழ்வீட்டுக்காரி நான்தான். உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும், எனக்காகத்தான் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நான் ஒரு தொழிற்சாலை வாசலில் இருபத்தேழு வருடம் நேரம் குறிப்பவளாக இருந்தேன். யார் எப்போது வந்தார், எப்போது போனார். ஓய்வு பெற்றதும் வாசல் போய்விட்டது, எண்ணும் வியாதி மட்டும் கூடவே வந்துவிட்டது. எண்ண ஆள் கிடைத்தால் எனக்கு ஒரு நாள் கழியும். பலகையில் எழுதினால் அவளுக்கு ஒரு ஊக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். (நினைத்தேனா? எழுதும்போது நினைத்தது இது. அன்று நினைத்தது, என் கணக்கை நாலு பேர் பார்க்கட்டும் என்பது.)

பிறகு ஒரு நாள் கோப்பும் கையுமாக ஒருவர் லிப்ட் முன் நின்றார். யார் வீட்டுக்கு என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா. மூன்றாம் மாடி என்றார்.

“ஓ, நம்ம முதல் இடமா?” என்று பலகையைக் காட்டினேன்.

அவர் அழைப்பு அறை அலுவலகத்திலிருந்து விடுப்பைச் சரிபார்க்க வந்தவர். பலகையைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். மேலே போகக்கூட இல்லை. எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

4

கடிதம் வந்த நாளிலிருந்து அவள் கீழே இறங்கவில்லை. மூன்று நாள். காலை ஆறரைக்கு நான் ஜன்னலில் உட்காருவேன். பாதை அதுபாட்டுக்குக் கிடக்கும். மற்ற போட்டியாளர்கள் நடந்தார்கள்தான். அவர்கள் வந்து தங்கள் எண்ணைச் சொல்லிவிட்டுப் போவார்கள், ஒன்றிரண்டு கூட்டியே சொல்வார்கள். அவர்களை எண்ணுவதில் என்ன இருக்கிறது.

நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, என் அழைப்பு மணி அடித்தது. அந்த மாதத்தில் அது இரண்டாவது முறை. முதல் முறை வந்தவர் வீடு மாறி வந்தவர்.

அவள்தான். தலை வாரவில்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. திட்டப்போகிறாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“நான் நடந்தத தினமும் பாத்தீங்கல்ல ஆன்ட்டி?”

“பாத்தேன்.”

“அப்ப எப்படி நடந்தேன்னு எழுதிக் குடுங்க. வியாழக்கிழமை காட்டணும். டாக்டர் லெட்டர் இருக்கு. ஆனா அவங்க, பாத்தவங்க யாராச்சும் சொல்லட்டும்னு கேக்குறாங்க. தினமும் பாத்தது நீங்க மட்டும்தான்.”

நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் இது, அந்தச் சாட்சிக் கடிதமாகத்தான் ஆரம்பித்தது. ஒரு பக்கம் கேட்டார்கள். நான் பதினொரு பக்கம் எழுதினேன்.

5

புதன்கிழமை மத்தியானம் அவள் வந்து, என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தாள். நான் நன்றாகவே எழுதியிருந்தேன். ‘தளர்ந்த நடை. இருபதாவது சுற்றில் கண்ணீர் வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றாமல்...’ படித்தால் அலுவலகமே உருகியிருக்கும்.

அவள் அந்த இடத்தில் விரலை வைத்தாள். “நான் அழலியே ஆன்ட்டி.”

“அழுததா இருந்தாத்தான் அவங்களுக்குப் புரியும்மா.”

“அழ முடிஞ்சிருந்தா நான் ஏன் நடக்கிறேன்?”

அவள் கோபப்படவில்லை. தாளை என் பக்கம் தள்ளி வைத்தாள், அவ்வளவுதான். நான் பேச்சை மாற்ற டீ போடட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். போட்டேன். குடித்தாள்.

(எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாத்திரம் நம் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே ‘இது நானில்லை’ என்று சொன்னால் எங்கே போய் ஒளிந்துகொள்வது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை.)

“பாத்தத மட்டும் எழுதுங்க” என்றாள்.

6

பார்த்தது ஒரு நோட்டில் இருந்தது. தொழிற்சாலைப் பதிவேடு மாதிரியே கோடு போட்டு வைத்திருந்தேன்: இறங்கிய நேரம், ஏறிய நேரம், சுற்று, கடைசியில் ஒல்லியாகக் குறிப்பு என்று ஒரு கட்டம். வெட்கத்தை விட்டு அதை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். அதிலிருந்து சில:

முதல் நாள். வாசல் வரை வந்தாள். நின்றாள். ஏறிவிட்டாள். சுற்று இல்லை.

இரண்டாம் நாள். அதே.

நான்காம் நாள். அரைச் சுற்று. தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்தாள், ஐம்பது நிமிடம்.

ஏழு, எட்டு, ஒன்பது. வரவில்லை.

பன்னிரண்டாம் நாள். தெருவில் ஆம்புலன்ஸ் போனது. பாதை நடுவில் நின்றுவிட்டாள், இருபத்திரண்டு நிமிடம். பிறகு இரண்டு சுற்று.

பத்தொன்பதாம் நாள். முப்பத்தெட்டு சுற்று. ஆறரை முதல் ஒன்றேகால் வரை. தண்ணீர் குடிக்கவில்லை. காவலாளி கூப்பிட்டார், திரும்பவில்லை. கடைசியில் அவர் தன் நாற்காலியைத் தூக்கி வந்து பாதைக்குக் குறுக்கே போட்டார். உட்கார்ந்தாள்.

அந்த முப்பத்தெட்டைத்தான் நான் முதல் இடம் என்று பலகையில் எழுதியிருந்தேன்.

அவள் பத்தொன்பதாம் நாளை இரண்டு முறை படித்தாள்.

“அன்னைக்கு முழுக்கப் பாத்துட்டா இருந்தீங்க?”

“ஆமா.”

“கீழதானே உங்க வீடு. வெளிய வந்திருக்கலாமே ஆன்ட்டி.”

இந்த இடத்தில் நான் சொன்னதாக மூன்று பதில்கள் எழுதி அடித்திருக்கிறேன். ஒன்றில் எனக்கு மூட்டுவலி. ஒன்றில் உன் தனிமையைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன் என்கிறேன். இன்னொன்றில் நான் அழுகிறேன். (அழவில்லை.) உண்மையில் சொன்னது இது:

“வெளிய வந்தா எண்ணிக்கை விட்டுப்போயிடும்னு இருந்துட்டேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் என்னை யாரும் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன. பிறகு, நோட்டில் இருக்கிறபடியே, ஒரு எழுத்துகூட அழகுபடுத்தாமல் பிரதி எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்தேன். ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. கையெழுத்துப் போட்டு, ‘பலகையில் எழுதியது நான். அவரிடம் கேட்கவில்லை’ என்று அடியில் சேர்த்தேன்.

7

முடிவுகள் கைவசம் இரண்டு இருக்கின்றன.

ஒன்று: கோப்புக்காரர் அந்தப் பக்கத்தைப் படிக்கிறார், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், விடுப்பு நீடிக்கிறது. கோப்புக்காரர்கள் கண்ணாடியைத் துடைப்பது தூசி இருப்பதால்தான் என்று இருபத்தேழு வருட அனுபவத்தில் எனக்குத் தெரியும். அதனால் இது வேண்டாம்.

இரண்டு: ‘ஐம்பது நிமிடம் தொட்டியோரம் உட்கார முடிந்தவரால் நாற்காலியிலும் உட்கார முடியும்’ என்று எழுதி, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்கிறார்கள். அவள் போகிறாள். போன் அடிக்கிறது. அதற்கு மேல்

எழுத மாட்டேன்.

நடந்தது என்னவென்றால், வியாழக்கிழமை அவள் அந்தப் பக்கத்தை உறையில் போட்டுக்கொண்டு போனாள், சாயங்காலம் திரும்பி வந்தாள். இரண்டையும் பார்த்தேன். என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. பல் டாக்டரிடமும் தம்பியிடமும் விசாரிக்கவில்லை. டாக்டர் அடுத்த பல்லைப் பிடுங்கும்போது தானாகவே ஆரம்பித்தார். கையை உயர்த்தி நிறுத்தினேன். வலிக்கிறது என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டுவிட்டார்.

தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவியின் ஊர்ப்பக்கமே ஒரு கண்ணாடிக் கடையில் சேர்ந்துகொண்டான். நடைப் போட்டி அந்தப் பருவத்தோடு நின்றுவிட்டது. பலகையை நான் தண்ணீர் விட்டுத் துடைத்தேன். அவள் இரண்டு மாதம் கழித்து வீட்டைக் காலி செய்தாள். சாமான் வண்டி நின்றுகொண்டிருந்தபோது என் வாசலுக்கு வந்தாள்.

“அங்க என்ன ஆச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே ஆன்ட்டி. உங்களால எப்படி முடிஞ்சுது?”

“கஷ்டமாத்தான் இருக்கு. இப்ப கேக்கலாமா?”

கொஞ்சம் யோசித்தாள். “வேணாம்” என்றாள். சிரித்தாள் என்று எழுத ஆசை. வெயில் அவளுக்குப் பின்னால் இருந்தது, எனக்கு முகம் தெரியவில்லை.

மூன்றாம் மாடிக்கு வேலைக்குப் போகும் தம்பதி வந்திருக்கிறார்கள். காலையில் பூட்டினால் சாயங்காலம்தான் திறக்கிறார்கள். அவளுடைய புதிய விலாசம் காவலாளியிடம் இருக்கிறது. இங்கே வரும் கடிதங்களை அங்கே அனுப்ப அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாளாம். நான் வாங்கவில்லை. இனி இதை முடிப்பது உங்கள் பாடு. உங்களுக்குத் தெரிந்த ஒருத்தியை வைத்தோ, உங்களை வைத்தோ முடித்துக்கொள்ளலாம். முடித்தால் ஒரு எட்டு வந்து சொல்லிவிட்டுப் போங்கள். தரைத்தளம்தான், படியேற வேண்டாம். பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன்.