சின்ன இடத்தில் போட்டுப் பார்க்கவும்

டப்பாவைத் திறப்பதற்கு முன் அருள்ராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாமேல் எழுதியிருந்ததைப் படித்தான். 'முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன இடத்தில் போட்டுப் பார்க்கவும்' என்று இருந்தது. நியாயமான பேச்சுதான். ஆனால் அவனுடைய காரில் அப்படி ஓர் இடம் கிடையாது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சிவப்புக் காருக்குள் உட்கார்ந்து பெண்டாட்டியை ஒரு முறுக்கு தின்ன விட்டதில்லை அவன். அதில் போய்ப் பேர் தெரியாத பாலிஷ் வேக்ஸைத் தடவிப் பார்க்க அவனுக்கென்ன பைத்தியமா?

பக்கத்திலேயே அண்ணனுடைய கார் நின்றது. கருநீலம், பதினோரு வருஷம் வெயிலில் காய்ந்து வெளுத்தது.

அந்தக் கார் வேங்கிக்காலில் இவன் வீட்டு வாசலுக்குள் நிற்பதே அதிசயம். மூன்று வருஷம் முன்னால் தங்கை ரேவதியின் மகளுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். இருப்பதோ இரண்டு தாய்மாமன். நான்தான் மூத்தவன் என்றார் அண்ணன் சக்கரவர்த்தி. குழந்தை என்னிடம்தான் ஒட்டும் என்று அருள்ராஜ் பட்டு வேட்டியோடு முந்திப் போய் மணையில் உட்கார்ந்துகொண்டான். பேச்சு முற்றி, கடைசியில் குழந்தை யாரோ ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டது. அன்றைக்குப் போட்ட தோட்டைத் தொலைத்து, வேறு தோடு போட்டு, அந்தக் குழந்தை பள்ளிக்கூடமே போக ஆரம்பித்துவிட்டது. இந்த இரண்டு பெரிய மனுஷர்கள்தான் இன்னும் மணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

இன்றைக்குப் பௌர்ணமி. மலை சுற்றுகிற கூட்டத்துக்காக ஊருக்குள் வண்டியை விடமாட்டார்கள். "சின்னண்ணன் வீட்ல நிறுத்திட்டு நடண்ணா, அங்கருந்து பக்கம், நடை மிச்சம்" என்று ரேவதி ஆரணிக்குப் போன் மேல் போன் போட்டுக் கெஞ்சியதில், விடிந்ததும் விடியாததுமாகச் சக்கரவர்த்தி வந்து காரை நிறுத்தினார். "வண்டிய நகத்தணும்னா நகத்திக்கம்மா" என்று சாவியைத் தம்பி பெண்டாட்டி ஆதிலட்சுமியிடம் கொடுத்தார். வாயில் பிரஷ்ஷோடு நின்ற தம்பியை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் வெறுங்காலோடு மலை சுற்றப் போய்விட்டார்.

திரும்பி வந்தால் உள்ளே வந்து நாலு இட்லி சாப்பிடுவாரா, அப்படியே காரை எடுத்துக்கொண்டு போய்விடுவாரா? அந்த வீட்டில் காலையிலிருந்து இது ஒன்றுதான் கேள்வி.

"வந்தா வரட்டும், வராட்டி போவட்டும்" என்று சொல்லிவிட்டு, "வடைக்கு அரைச்சிட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டான் அருள்ராஜ். மூன்று வருஷமாக எந்த நல்லது கெட்டதையும் அண்ணனிடம் சொல்ல முடியாமல் கிடந்தான். கையைச் சும்மா வைத்துக்கொண்டிருக்க முடியாமல்தான் வேக்ஸ் டப்பாவையே எடுத்தான்.

கருநீலக் காரின் பின் கதவுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தடவினான். வெள்ளையாகக் காய்ந்ததும் துணியால் துடைத்தான். அடேயப்பா! அந்த இடத்தில் அவன் மூக்கு தெரிந்தது. வேக்ஸ் நல்ல வேக்ஸ்தான். ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான். அதுவரை பழசாக மட்டும் இருந்த கார் இப்போது அழுக்காகவும் தெரிந்தது.

ஆதிலட்சுமி கரண்டியோடு வெளியே வந்தாள். "ஏங்க, அது யாரு வண்டி?"

"அண்ணன் வண்டி."

"உங்க வண்டி?"

"அதோ நிக்குது."

"மனுஷன் மூணு வருஷம் கழிச்சு வாசல மிதிச்சிருக்காரு. அவரு வண்டியிலயா போட்டுப் பாப்பீங்க? புத்தி எங்க போச்சு?"

புத்தி போன இடம் அவனுக்குத் தெரியவில்லை. உள்ளங்கை அளவு தெரியக்கூடாது என்றால் கதவு முழுக்கப் போட வேண்டும். ஒரு கதவு மினுக்கினால் அடுத்த கதவு சும்மா இருக்குமா? அதற்கும் போட்டான். இந்தப் பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கம். நடுநடுவே ரேவதி அண்ணனிடம் கேட்டுப் போனில் சொல்வதை ஆதிலட்சுமி அடுப்படியிலிருந்து கூவினாள்.

"அடி அண்ணாமலை தாண்டிட்டாராம்!"

அருள்ராஜ் கையை வேகமாக ஓட்டினான்.

"குபேர லிங்கத்துக்கிட்ட வந்துட்டாராம்!"

முன்பக்கத்துப் பானெட் மட்டும் பாக்கி. அதற்குள் வெயில் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. வெயிலில் போடக்கூடாது என்று டப்பாவில் இரண்டாவது வரியிலேயே எழுதியிருந்தது. அருள்ராஜ் முதல் வரியோடு கண்ணாடியைக் கழற்றிவிட்டவன். சூட்டில் தடவியது தடவியபடியே இறுகி, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. துணிக்கு மசியவில்லை. தண்ணீரை ஊற்றினான். பட்டை பட்டையாகத் திட்டுகள் விழுந்தன.

அந்த நேரம் பார்த்து வாசல் கேட்டு திறந்தது. நெற்றி நிறைய விபூதியோடு, நொண்டிக்கொண்டே சக்கரவர்த்தி வந்து நின்றார். காரும் அவரும் ஒரே மாதிரி பூசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா பண்ணி வச்சிருக்கே?"

மூன்று வருஷத்தில் அண்ணன் பேசிய முதல் பேச்சு. அருள்ராஜ் ஈரத்துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

அடுப்படியிலிருந்து ஓடி வந்த ஆதிலட்சுமி முந்திக்கொண்டாள். "உங்க வண்டி மங்கலா இருக்குதேன்னு காலையிலருந்து தேய்ச்சிக்கினு இருக்காரு மாமா."

சக்கரவர்த்தியின் முகம் இளகியது. "எனக்காகவாடா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அருள்ராஜுக்கு அது தெரியும். ஆனால் அண்ணனிடம் பொய் சொல்ல அவனுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. அதற்காகத்தான் சின்ன வயசிலிருந்து உதை வாங்கினான்.

"இல்லண்ணா. என் வண்டிக்கு வாங்கனது. புது வண்டியாச்சே, கெட்டுப்போவுமோன்னு உன் வண்டியில போட்டுப் பாத்தேன்."

ஆதிலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

சக்கரவர்த்தி சிவப்புக் காரைப் பார்த்தார். கருநீலக் காரைப் பார்த்தார். பிறகு படியில் மெதுவாக உட்கார்ந்து, கொப்புளம் கட்டியிருந்த காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

"புதுச் செருப்பு வாங்கினா கடிக்குதா இல்லியான்னு பாக்க, ரெண்டு நாள் என்னப் போட்டுக்கினு போவச் சொல்லுவே. அதே திருட்டுப்பயதான்டா நீ. மாறவே இல்ல."

"தெரிஞ்சுதான நீ போட்டுக்கினு போனே?"

"போவாம? உன் கால்ல புண்ணு வந்தா யாரு தூக்கிக்கினு போறது? நான்தான?" சட்டென்று ஆதிலட்சுமி பக்கம் திரும்பி, "தண்ணி குடும்மா, காலக் கழுவணும்" என்று கத்தினார்.

இட்லி ஏழு தின்றார். வடைக்குக் கணக்கில்லை. காது குத்தைப் பற்றி இருவரும் மூச்சு விடவில்லை. சாப்பிட்டு முடித்து வெளியே வந்து பானெட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இத ஓட்டிக்கினு போனா ஆரணியே சிரிக்கும். உன் சாவியக் குடு. இத நீ தேய்ச்சு வை. ஞாயித்துக்கிழம உங்க அண்ணியக் கூட்டிக்கினு வந்து எடுத்துக்கறேன்."

அருள்ராஜ் சாவியைக் கொடுத்தான். சக்கரவர்த்தி சிவப்புக் காரில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார்.

"ஞாயித்துக்கிழமக்குள்ள போயிடுமாடா இந்தத் திட்டு?"

"போவலன்னா அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமையும் வாண்ணா."

சக்கரவர்த்தி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுத்தார். கேட்டுத் தூணுக்கும் காருக்கும் நடுவே ஒரு விரல்தான் இடைவெளி இருந்தது. ஆதிலட்சுமி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அருள்ராஜ் தூணையும் பார்க்கவில்லை, காரையும் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.