நானூற்று அறுபதாவது அடி

நானூற்று அறுபதாவது அடியில் தூண்டில் நரம்பு அறுந்தது. கேசிங் பைப்பின் விளிம்பில் அது உரசுவதைப் பார்த்துக்கொண்டே இறக்கியவன் நான்தான். வேறு யார்மேலும் பழி போட வழியில்லை.

போர்வெல்லுக்குள் போனது 1968ஆம் வருஷத்து சுவிஸ் டைவிங் வாட்ச். கடலில் முங்குகிறவர்கள் கட்டுவது. இருநூறு மீட்டர் ஆழம் தாங்கும் என்று முகப்பிலேயே எழுதியிருக்கும். ஏற்கெனவே ஒன்பது வைத்திருக்கிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. திருச்செங்கோட்டில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவனுக்குக் கடலில் என்ன வேலை என்று என் மனைவி கமலவேணி கேட்காத வாரமில்லை.

விற்ற அயோத்தியாப்பட்டணம் குருமூர்த்தி, டூப்ளிகேட் என்றால் ஒரு வாரத்துக்குள் திருப்பி வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஒரிஜினலா என்று கேட்டால் மட்டும், "உங்க கண்ணுக்குத் தெரியாததாங்க?" சேலத்தில் வாட்ச் ரிப்பேர் சுவாமிநாதன் இருபது நிமிஷம் லென்ஸில் பார்த்துவிட்டு, "மோசமில்லீங்க" என்றார்.

"அப்ப நல்லதுங்களா?"

"மோசமில்லீங்க."

வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். பதினாலு கட்டைவிரல் வந்தது.

ஆறாம் நாள் பொறுமை போயிற்று. ஊரெல்லாம் போர் போடும் ரிக் வண்டி நிற்கிற திருச்செங்கோட்டுக்காரனுக்கு ஆழம் என்றால் வேறென்ன தோன்றும்? கொல்லையில் மோட்டார் கழற்றிய பழைய போர் இருக்கிறது. தொள்ளாயிரம் அடி, முந்நூறில் தண்ணீர். நரம்பில் பத்தடிக்கொரு புள்ளி வைத்தேன், கமலவேணியின் நெயில் பாலிஷால். பாரத்துக்கு ஒரு லாரி நட்டு. உள்ளே தண்ணீர் ஏறாவிட்டால் ஒரிஜினல். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

"ஏனுங்க, வாட்ச நனைக்கோணும்னா ஊட்ல பக்கெட்டு இல்லீங்களா?" என்றாள் கமலவேணி. காலியான பாலிஷ் பாட்டில் அவள் கையில் இருந்தது.

மறுநாள் காலை போர்வெல் கேமரா வந்தது. கொண்டுவந்த பெண் தனப்பிரியா, வேனிலிருந்து கேபிளை இறக்கினாள்.

"அம்மிணி, கெடைக்குமா?"

"பாக்கலாங்ண்ணா."

முந்நூறில் கேட்டேன். "பாக்கலாங்ண்ணா." நானூறில், "இன்னுங் கொஞ்சம் பாக்கலாங்ண்ணா." பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நானூற்றெண்பதில் பாறை வெடிப்பில் சாய்ந்து கிடந்தது. கையில் கட்டாவிட்டாலும் ஒன்றரை நாள் ஓடும் ஜாதி அது. கண்ணாடிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வினாடி முள் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரிஜினல்! குருமூர்த்தியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, கொடுக்கவும் முடியாது.

கமலவேணி திரைமேல் குனிந்தாள். "ஓடுதுங்க..." என்றாள். "இருட்டுக்குள்ள, பாவம்." பத்து வருஷத்தில் என் வாட்ச் ஒன்றுக்கு அவள் இரங்குவது இதுதான் முதல் தடவை.

"அம்மிணி, பாக்கலாம்னு மட்டும் சொல்லீராத. மேல வருமா, வராதா?"

தனப்பிரியா திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"வராதுங்ண்ணா. கொக்கி பட்டா அடிக்கே போயிரும்."