லச்சியின் நெஞ்சுப் படம்

"ஏங்க, மூச்சு விடுதா பாருங்க."

திருப்பதி சாலையில் பாகாலா தாண்டியதிலிருந்து தாட்சாயணி இதைக் கேட்பது நான்காவது முறை. வாடகை வேனின் பின் இருக்கையில் லச்சி அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது. ஏழு வயது லாப்ரடார். வலது முன்னங்காலில், மணிக்கட்டுக்கு மேலே, எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.

"விடுதும்மே. நீ சும்மா வா," என்றான் கோவர்த்தனன். முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

சித்தூர் டாக்டர் சொல்லி அனுப்பியது தாட்சாயணியின் காதிலேயே நின்றது. கால் எலும்பில் புற்று. ஊசியில் எடுத்துப் பார்த்ததில் தெரிந்துவிட்டது. காலை எடுத்தால் உயிர் கொஞ்ச காலம் நிற்கும். ஆனால் அதற்கு முன்பு திருப்பதிக்குப் போய் நெஞ்சைப் படம் எடுங்கள். நுரையீரலுக்குப் போயிருந்தால் காலை எடுத்தும் பயனில்லை.

அதாவது, இன்று மதியத்துக்குள் தெரிந்துவிடும். லச்சி மூன்று காலோடு வீடு திரும்புமா, இல்லை சாவதற்காக நான்கு காலோடு திரும்புமா என்று.

எல்லாம் ஒரு நொண்டலில்தான் ஆரம்பித்தது. கோவர்த்தனன் சித்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். சொந்த ஊர் புத்தூர்ப் பக்கம். அவன் நைனா, அதாவது அப்பா, நாற்பது வருடம் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டவர். மகன் அதைத் தொழிலாக எடுக்கவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் சுளுக்கு, பிசகு என்று தெருக்காரர்கள் கடைக்கு வந்துவிடுவார்கள். 'புத்தூரான் கை' என்று அவனுக்கு அங்கே ஒரு பெயர் உண்டு.

அந்தக் கையாலேயே லச்சிக்கும் கட்டினான். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி. மூன்று கட்டு. கட்டுக்கு எட்டு நாள்.

"இன்னாப்பா, நாய்க்கும் புத்தூர் கட்டா? நாளைக்கு எங்கூட்டுக் கோழிய இட்டாந்தா அதுக்கும் போடுவியா?" என்று பக்கத்து வீட்டு ஜெயம்மா சிரித்தாள்.

"கொழம்பு வச்சா ஒரு கிண்ணம் குடுப்பேன்னு சொல்லு, போடறேன்," என்றான் கோவர்த்தனன்.

கடைசிக் கட்டைப் பிரித்த அன்று யாரும் சிரிக்கவில்லை. அது போன செவ்வாய்க்கிழமை.

திருப்பதி கிளினிக்கில் டாக்டர் ஷோபா லச்சியின் காலைத் தொடாமல் முதலில் முகத்தைத் தொட்டார். நாற்பது வயதிருக்கும். சித்தூர்க்காரர்தான் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"எங்க இருக்குன்னு தெரிஞ்சுடுச்சும்மா. இப்ப எங்கெல்லாம் போயிருக்குன்னு பார்க்கணும். தோள்கிட்ட ஒரு நெறி, நிணநீர் முடிச்சு, இருக்கும், அதுல ஊசி வச்சு எடுப்பேன். அப்புறம் நெஞ்சுல மூணு படம். வலது பக்கம் சாய்ச்சு ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு, குப்புறப் போட்டு ஒண்ணு."

"மூணு எதுக்கு மேடம்?"

"சாய்ஞ்சு படுத்தா கீழ்ப்பக்க நுரையீரல் அமுங்கிடும். அதுல சின்னப் புள்ளி இருந்தா ஒளிஞ்சுக்கும்." குறிப்பேட்டைத் திறந்தார். "இந்த வீக்கம் எப்பலேர்ந்து?"

"போன செவ்வாக்கெழம பார்த்தோம் மேடம். புத்தூர் கட்டைப் பிரிச்சப்ப."

டாக்டரின் பேனா நின்றது. "அதுக்கு முன்னாடி இல்லையா?"

"கால் கட்டுக்குள்ள இருந்துச்சே. எட்டு நாளைக்கு ஒருதரம் இவருதான் கடையில வச்சு மாத்துவாரு. இருந்தா சொல்லியிருப்பாரு."

"எட்டு நாள்ல இவ்ளோ வளர்ச்சின்னா..." என்று ஆரம்பித்த டாக்டர் வாக்கியத்தை முடிக்காமல் எழுதிக்கொண்டார். கோவர்த்தனன் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தான்.

லச்சிக்கு மயக்க ஊசி போட்டு, தோள் நெறியில் ஊசி வைத்து எடுத்தார்கள். படம் எடுக்கும் அறைக்குள் அதைத் தூக்கிப் போனவன் உதவியாளன் வீராசாமி. கதவு சாத்தியது. திறந்தது. லச்சியை ரப்பர் விரிப்பில் கிடத்திவிட்டு, படங்களைக் கம்ப்யூட்டர் திரையில் ஏற்றினான். டாக்டர் வந்து நாற்காலியை இழுத்தார்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரே கூச்சல். பக் நாய்க்குப் பிரசவம், குட்டி பாதியில் சிக்கிக்கொண்டதாம்.

"நெறி சுத்தமா இருக்கும்மா, இப்பத்தான் பார்த்தேன். படத்தை வந்து பார்க்கிறேன். இருங்க," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

திரை அப்படியே இருந்தது.

தாட்சாயணிக்கு அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தது. பார்த்தாள். கறுப்பு வெளியில் வெள்ளை விலா எலும்புகள். நடுவில் மங்கலாக இதயம். அதற்கு முன்னால், இரண்டு விலாக்களுக்கு இடையில், ஒரு வெள்ளைப் புள்ளி. உருண்டையாக, தெளிவாக, பொட்டுக்கடலை அளவுக்கு.

"ஏங்க."

"ம்."

"அது இன்னாங்க?"

அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வாளியை எடுக்க உள்ளே வந்த வீராசாமியைப் பிடித்துக் கேட்டாள். அவன் திரையைப் பார்த்தான். ஒரு நொடி கூடுதலாகவே பார்த்தான்.

"மேடம் வச்சி செப்தாரும்மா," என்று, டாக்டரே வந்து சொல்வார் என்பதைத் தெலுங்கில் சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனான்.

அந்த வேகமே பதில் போல இருந்தது. தாட்சாயணி தரையில் உட்கார்ந்து லச்சியின் காதைப் பிடித்துக்கொண்டாள். சூடாக இருந்தது. வாயோரம் நாக்கு தொங்கியது. நெஞ்சு ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் உள்ளே அந்தப் புள்ளியும் சேர்ந்து ஏறுவது போலத் தோன்றியது அவளுக்கு.

பத்து நிமிடம் போனது. இருபது ஆனது.

"தாட்சா, வா போலாம்."

"எங்க?"

"வூட்டுக்கு. அவங்க வர்றதுக்குள்ள தூக்கிக்கினு பூடலாம். அதான் நெஞ்சுக்குப் பூட்ச்சே. இன்னும் இன்னாத்துக்கு இதைப் போட்டு குத்திக்கினு?"

"டாக்டரு இன்னும் பார்க்கவே இல்ல."

"பார்த்து இன்னா சொல்லப் போறாங்க? கண்ணு முன்னாடி தெரியுதே."

"உங்களுக்கு ஏன் இவ்ளோ அவசரம்?"

அவன் நெற்றி முழுக்க வேர்வை. பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அந்த வேர்வை வேறு வகை என்று தெரிந்தது.

"என்னைப் பாத்து சொல்லுங்க. இன்னா?"

"மறுபடியும் கேப்பாங்க. வீக்கம் எப்பலேர்ந்துன்னு."

"கேட்டா? செவ்வாக்கெழமன்னு சொல்லப் போறோம்."

"மொதல் கட்டைப் பிரிச்சப்பவே இருந்துச்சி."

தாட்சாயணி லச்சியின் காதை விட்டுவிட்டு எழுந்தாள்.

"சின்னதாத்தான் இருந்துச்சி, புளியங்கொட்ட மாதிரி. முறிஞ்ச எலும்பு கூடறப்ப அப்பிடித்தான் கட்டியா முட்டு வைக்கும்னு நெனச்சேன். ரெண்டாவது கட்டைப் பிரிச்சப்ப பெரிசாயிட்சி. தொட்டா சூடு. எலும்பு முறியவே இல்லன்னு அப்பவே கைக்குத் தெரிஞ்சிபோச்சி." லச்சியின் காலைப் பார்த்தான். "இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிட்டேன்."

"ஏன்?"

"தெருவே பாத்துக்கினு இருக்குது. நைனா கட்டு ஒண்ணுகூடப் பொய்யானதில்ல. நாய்க்குப் போட்டதே நிக்கலன்னா..."

தாட்சாயணி விரல் விட்டு எண்ணவில்லை. கணக்கு தானாக வந்தது. "பதினாறு நாளு. நெதமும் அவ மொனகறப்ப நான் எழுந்து வந்து கேட்டேன். நீ இன்னா சொன்ன? கட்டு புடிக்குதுமே, போய்ப் படுன்னு சொன்ன."

இத்தனை வருடத்தில் அவள் அவனை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. அவனுக்கு அது காதில் விழுந்ததோ இல்லையோ, குனிந்து லச்சியைத் தூக்கப் போனான். ஒரு கை இடுப்புக்கு அடியில். இன்னொரு கை நெஞ்சுக்கு அடியில், இடது கக்கத்தை ஒட்டி.

தூக்கியவன் பாதியில் நின்றுவிட்டான்.

"இன்னா?"

அவன் முகம் வெளுத்திருந்தது. இரண்டு விரல் கக்கத்து மயிருக்குள் ஒரே இடத்தில் அழுந்தியிருந்தது.

"இங்கயும் வந்துட்சி. கெட்டியா, உருண்டையா கீது. தாட்சா, வெளியிலயே முளைச்சிக்கினு வந்துட்சி."

அவளும் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. கையை உதறி எடுத்துக்கொண்டாள். காலில், நெஞ்சுக்குள், இப்போது தோலுக்கு மேலேயே. உடம்பு பூராவும் ஓடுகிறது என்று நினைத்தாள்.

"எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

வாசலில் டாக்டர் ஷோபா. சட்டையெல்லாம் ஈரம். "மயக்கம் தெளியாம அசைக்கக் கூடாது. கீழ விடுங்க சார்."

கோவர்த்தனன் விட்டான். கக்கத்தைக் காட்டினான். டாக்டர் மண்டியிட்டு மயிரை விலக்கினார். டார்ச் அடித்தார். தாட்சாயணி அவர் முகத்தையே பார்த்தாள்.

டாக்டர் புருவம் சுருங்கியது. பிறகு சட்டென்று திரையை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி கக்கம். மறுபடி திரை.

"வீராசாமி, அந்த இடுக்கி எடுப்பா."

"இன்னா மேடம் அது?"

"உண்ணி."

"இன்னா?"

"உண்ணிம்மா. ரத்தம் குடிச்சு ஊதிப்போய்க் கிடக்குது." இடுக்கியால் வேரோடு பிடுங்கித் தட்டில் போட்டார். சாம்பல் நிறத்தில் உருண்டு கிடந்தது, பொட்டுக்கடலை அளவுக்கு.

"புத்தூர் கையில் உண்ணி சிக்கிந்தி," என்று வீராசாமி தெலுங்கு கலந்து சொல்லிப் பல்லைக் காட்டினான். யாரும் சிரிக்காததைப் பார்த்து மூடிக்கொண்டான்.

"மேடம், அப்ப அந்தப் புள்ளி..."

"இருங்க. நான் இன்னும் எதுவும் சொல்லல. தோல் மேல இருக்கிறதும் படத்துல உள்ள இருக்கிற மாதிரியே விழும். இதுவா இருக்கலாம். இதுக்குப் பின்னாடி நிஜமாவே ஒண்ணு இருக்கவும் இருக்கலாம். மூணு படமும் திரும்ப எடுக்கணும்."

அந்தக் கதவு மறுபடி சாத்தியது. தாட்சாயணி பெஞ்சின் ஒரு முனையில், கோவர்த்தனன் மறு முனையில். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசாதீங்க," என்றாள்.

இந்த முறைதான் அதிக பயமாக இருந்தது. சற்று முன்பு வரை எல்லாம் முடிந்துவிட்டது என்று இருந்தது. இப்போது இழப்பதற்கு மறுபடி ஒன்று வந்துவிட்டது.

டாக்டர் திரை முன் உட்கார்ந்து ஒவ்வொரு விலா இடுக்காகப் பார்த்தார். பெரிதாக்கினார். வெளிச்சத்தைக் கூட்டினார், குறைத்தார். முதல் படம். இரண்டாவது. மூன்றாவதில் வெகு நேரம் நின்றார்.

"புள்ளி இல்ல," என்றார் கடைசியில்.

தாட்சாயணி குனிந்து லச்சியின் தலையைத் தொட்டாள்.

"ஆனா கேட்டுக்கோங்க. படத்துல தெரியற அளவுக்கு இல்ல, அவ்ளோதான். மணல் அளவு இருந்தா இதுல தெரியாது. அந்தக் காலை நாளைக்கே எடுத்துடலாம், தள்ளிப்போட்டா அந்த எலும்பு தானா ஒடிஞ்சுடும். அப்புறம் ஊசி மருந்து. நல்லபடியா போனா ஒரு வருஷம். சிலது அதுக்கு மேலயும் இருக்கும். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதரம் வந்து இதே படம் எடுக்கணும்."

"எத்தினி தடவ மேடம்?"

"அவ இருக்கிற வரைக்கும்."

இதே பெஞ்சு. இதே கதவு. தாட்சாயணி தலையாட்டினாள்.

கோவர்த்தனன் முன்னால் வந்தான். "மேடம், வீக்கம் போன வாரம் வந்ததில்ல. அதுக்கும் பதினாறு நாளைக்கு முன்னாடியே நான் பார்த்தேன். சொல்லல. அப்பவே வந்திருந்தா கால் தப்பிச்சிருக்குமா?"

டாக்டர் அவனை நேராகப் பார்த்தார். "கால் தப்பிச்சிருக்காது சார். அப்பவும் எடுக்கத்தான் வேணும்."

அவன் மூச்சு விட்டான்.

"நெஞ்சுக்குப் போகாம இருந்தது உங்க நல்ல நேரம். ஆனா அந்த மூணு வாரமும் அவ வலியில இருந்திருக்கா. புற்று தின்ன எலும்பு மேல பத்தை வச்சு இறுக்கியிருக்கீங்க. அதை இல்லேன்னு என்னால சொல்ல முடியாது."

விரிப்பில் லச்சி கண் விழித்தது. தள்ளாடி எழுந்தது. மூன்று கால் தரையில் பதிந்தது. நாலாவது வழக்கம்போல அந்தரத்தில். மூன்று காலில் நிற்க அது எப்போதோ பழகிவிட்டிருந்தது.

தொங்கிய காலைத் தாங்கிப் பிடிக்க கோவர்த்தனனின் கை தன்னால் நீண்டது.

லச்சி உறுமியது. ஏழு வருடத்தில் ஒரு நாளும் அவனைப் பார்த்து உறுமாதது, காலை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு பின்வாங்கித் தாட்சாயணியின் முழங்காலில் வந்து ஒண்டியது. உடம்பு நடுங்கியது.

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் நின்றான்.

"அந்தப் பக்கம் வராதீங்க," என்றாள் தாட்சாயணி. பிறகு, குரலைச் சற்றுத் தாழ்த்தி, "இந்தப் பக்கமா வந்து, வயித்துக்கு அடியில தாங்கிப் புடிங்க. காலைத் தொடாதீங்க."

அவன் சுற்றிக்கொண்டு வந்து மண்டியிட்டான். விரல்களை மடக்கிக்கொண்டு, முழங்கையை மட்டும் லச்சியின் வயிற்றுக்கு அடியில் கொடுத்தான். அது இன்னொரு முறை உறுமியது. விலகிப் போகத் தெம்பில்லாமல், மெல்லத் தன் பாரத்தை அந்தக் கை மேல் இறக்கியது.